நோலீன் சுமந்த சேதிகள்

பச்சைப் பொட்டு ஒட்டுவதற்கென்றே ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நோலீன் தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள். ஹாமில்டனுக்கு வடக்கே தொழிற்பேட்டையில், கறவை மாடுகளுக்கான கருவிகள் செய்யும் கம்பெனி. அங்கே அவள் புதுப்பொருள் திட்ட ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் நீளம். வேலை என்னவென்றால் மின்னணுக்காரர்களையும் பிளாஸ்டிக் வார்ப்பவர்களையும் விற்பனைக்காரர்களையும் ஒரே திசையில் நடக்கவைப்பது. மாடு மேய்ப்பது இதைவிடச் சுலபம் என்று சத்தியம் செய்வாள். பக்கத்து மோரின்ஸ்வில்லில் பால் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள், தெரியாமல் சொல்ல மாட்டாள்.

மேலாளர் கெல்வின், எங்கோ ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்த கையோடு சுவரை அடைத்து ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரிசை. வேலை ஒழுங்காகப் போனால் பச்சைக் காந்தப் பொட்டு, இழுபறி என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. தினமும் காலையில் எல்லோரும் பலகைக்கு முன்னால் நின்று அவரவர் நிலைமையைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் உண்மை முழுக்கச் சுவருக்கு வந்துவிடும் என்பது கெல்வினின் கணக்கு.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்துகொண்டே அவர் எப்படி அதை நம்பினார் என்பதுதான் விளங்கவில்லை. டிராக்டர் கவிழ்ந்து கால் அடியில் மாட்டிக்கொண்டு கிடப்பவனிடம் போய்க் கேட்டாலும் "எல்லாம் சரி, நீ போ, உன் வேலையைக் கெடுத்துக்காத" என்பான். தன் கஷ்டத்தைச் சொன்னால் புலம்பல். அடுத்தவன் குறையைச் சொன்னால் காட்டிக்கொடுப்பது. இரண்டும் பெருங்குற்றம். ஆகவே ஒவ்வொரு காலையும் பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், "எல்லாம் சரி" என்பார்கள், கலைந்து போவார்கள். சிவப்புப் பொட்டுப் பாக்கெட் பிரிக்கப்படாமலே கிடந்தது.

"இவ்வளவு பச்சை வசந்தத்துல நம்ம வைகாட்டோ புல்லுல கூட இல்ல" என்பான் ரங்கி. மின்னணுப் பிரிவின் தலைவன். நல்ல ஆகிருதி, மெல்லிய குரல். நோலீனை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான்.

அப்படியானால் கம்பெனி எப்படி ஓடியது? நோலீனால் ஓடியது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு இதே கம்பெனியில் தொலைபேசி இணைப்புப் பலகையில் உட்கார்ந்தவள் அவள். அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே என்று கம்பியைச் செருகிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பலகையைக் கழற்றிப் போட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அவளுடைய வேலை மட்டும் மாறவில்லை. காலைத் தேநீர் நேரத்தில் சீஸ் ஸ்கோனில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஒருவன் அவள் காதில் போடுவான்: "நான் சொன்னதா சொல்லாத. ஆனா அந்த மூடி சரியா உக்காரல." அவள் தேநீர்க் கோப்பையோடு அந்த மூடிக்குச் சொந்தக்காரன் வாசலில் போய் நிற்பாள். வானிலை பேசுவாள், ரக்பி பேசுவாள், அப்புறம் மெதுவாக, "மூடி எப்படிப்பா இருக்கு?" என்பாள். அவன் "எல்லாம் சரி" என்பான். அவள் போகமாட்டாள். வாயைத் திறக்காமல் கோப்பையை ஊதிக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நேரத்தில் அவனே, "ஆனா ஒண்ணு..." என்று ஆரம்பிப்பான். மறுநாள் பலகைக்கு முன்னால், தானே யோசித்துக் கண்டுபிடித்தவன் போல, "அந்த மூடியைக் கொஞ்சம் மாத்தலாம்னு இருக்கேன்" என்பான். யாருக்கும் தலைகுனிவு இல்லை. பொட்டு பச்சையாகவே இருக்கும். மூடியும் சரியாகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் சௌகரியம், அவளைத் தவிர. ஆட்களின் பயங்களையும் வருத்தங்களையும் வாங்கி வாங்கி, சூடு ஆற்றி, அடுத்தவருக்கு வலிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவளுக்குப் பேச வார்த்தை மிச்சம் இருக்காது. கல்யாணம் கலைந்ததற்குக்கூட அதுதான் காரணம் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். பாரி நல்ல மனிதன்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், "நீ இங்க இருக்கும்போதுகூட இங்க இல்ல நோலீன்" என்றான். அவன் சொன்னதை அவள் மறுக்கவில்லை, மறுக்கத் தெம்பு இல்லை.

அந்த வருஷம் கம்பெனியே தலைகீழாக நின்று செய்துகொண்டிருந்த பொருள் ஒரு மாட்டுக் கழுத்துப் பட்டை. மாடு எவ்வளவு அசை போடுகிறது, எப்போது படுக்கிறது என்று கணக்குப் பார்த்து, அதற்கு உடம்பு சரியில்லையென்றால் விவசாயியின் போனுக்குச் சொல்லிவிடும். ஜூன் மாதக் கண்காட்சியில் அதை வெளியிட வேண்டும். எங்கள் பக்கம் குளிர் இறங்கும் மே மாத நடுவில் ஒரு வியாழக்கிழமை கடைசி ஆய்வுக் கூட்டம். அதில் எல்லாம் பச்சை என்றால் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கும், நோலீனுக்கு விடுமுறை கிடைக்கும்.

அந்த விடுமுறைக்காகத்தான் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள் டானெல் கடல் தாண்டிப் பெர்த்தில் இருந்தாள், முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். மருமகன் டேமியன் வடக்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்பவன். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்துவிட்டு, கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து போவான். ஈஸ்டருக்கு வருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாள் நோலீன், திட்டம் தள்ளிப் போனது. ஏப்ரல் கடைசி என்றாள், அதுவும் போனது. ஒவ்வொரு முறையும் டானெல், "எல்லாம் சரி மம், முடியும்போது வா" என்று பெரிய மனுஷி போலச் சொன்னாள். மகள் பக்குவமானவள் என்று நோலீனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆய்வுக் கூட்டம் நடந்த அந்த வாரத் திங்கட்கிழமை, தேநீர் அறையில் ரங்கி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் லாமிங்டன் கேக், கடிக்காமல் வைத்திருந்தான். அது ஒன்றே போதும், சேதி கெட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆன்ட்டி, நம்ம பட்டையைச் சோதிக்கிற ரெபொரோவா பண்ணைக்குப் போயிருந்தேன். நல்ல உறைபனி."

"ம்."

"பட்டையெல்லாம் சேத்துல கிடக்குது. ஒரு மாடு அது மேலயே ஏறி நிக்குது, நான் கேட்டா என்னையே மொறைக்குது."

"கருவி கெட்டுப்போச்சா?"

"நம்ம கருவிக்கு ஒண்ணும் இல்ல. பக்கிள் உடையுது. குளிர்ல மெர்வோட பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி முறியுது." குரலை இன்னும் தாழ்த்தினான். "நீ அவன்கிட்ட பக்குவமா சொல்லிரு. நான் சொன்னதா இருக்க வேண்டாம். போன வருஷம் ஒரு தடவை நான் வாயைத் தொறந்து, அவன் மூணு மாசம் எனக்கு குட்மார்னிங் சொல்லல."

மெர்வ் பிளாஸ்டிக் பிரிவு. ஒல்லியான, ரோஷக்கார மனிதர். கெல்வின் விலையைக் குறை, குறை என்று நச்சரித்ததால் மலிவான பிளாஸ்டிக்குக்கு மாறியவர் அவர். நோலீனோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரிடம் இதைச் சொல்வது நோலீனுக்கு ஒன்றும் பெரிய காரியமில்லை. எத்தனையோ முறை சொன்னவள்தான். ஆனால் இந்த முறை சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பிளாஸ்டிக்கை மாற்ற வேண்டும், அச்சைத் திருத்த வேண்டும், திரும்பவும் பனியில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை மாதம். பிள்ளை அதற்குள் பிறந்துவிடும்.

திங்கட்கிழமை அவள் மெர்விடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. தலைவலி என்று தனக்குத் தானே சாக்குச் சொன்னாள். புதன்கிழமை கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் வாசல் வரைக்கும் போனாள். மெர்வ் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியைக்கூடக் கொஞ்சம் திருப்பினார்.

"மழை வரும் போலிருக்கு" என்றாள் நோலீன்.

"ஆமா" என்றார் மெர்வ். காத்திருந்தார்.

அவள் கோப்பையை ஊதினாள். எப்போதும் அடுத்தவர் பேசுவதற்காக நிற்பவள், அன்று தன்னால் பேச முடியாமல் நின்றாள். பிறகு, "சரி, வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது. வளர்ந்த ஆம்பிளைகள் இரண்டு பேர், நடுவில் ஒரே ஒரு தாழ்வாரம், இதைக் கடந்து போய் ஒரு வார்த்தை பேச வக்கில்லை, இதற்கு ஒரு தூது!

வியாழக்கிழமை கூட்டத்துக்குக் கெல்வின் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மேசையில் சாஸேஜ் ரோல் அடுக்கியிருந்தது. கொண்டாட்டத்துக்கான ஏற்பாடு.

"ரங்கி?"

ரங்கி நோலீனைப் பார்த்தான். அவள் மெர்விடம் சொல்லியிருப்பாள் என்பது அவன் நம்பிக்கை. "எங்க பக்கம் எல்லாம் சரி."

"மெர்வ்?"

மெர்வ் தொண்டையைச் செருமினார். அவரும் நோலீனைத்தான் பார்த்தார். அவள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் சரி" என்றார் மெர்வ்.

விற்பனைக்காரன் எல்லாம் சரி என்றான். மென்பொருள் பெண்ணும் அதையே சொன்னாள்.

"நோலீன், உன் பார்வையில?" என்றார் கெல்வின், ஒரு சாஸேஜ் ரோலை எடுத்துக்கொண்டே. அது சடங்குக் கேள்வி. விமானச் சீட்டை அன்று மாலையே போட்டுவிடலாம். ஒரு வார்த்தைதான் பாக்கி.

அவளுக்குச் சேற்றில் கிடக்கும் பட்டைகள் நினைவுக்கு வந்தன. அதிகாலைப் பனியில் கையுறை போட்ட கையால் அவற்றைப் பொறுக்கியெடுக்கப் போகிறவன் எவனோ ஒரு பண்ணைக்காரன், அவளுடைய அப்பாவைப் போன்றவன். கடன் வாங்கி இதை வாங்கியிருப்பான். கேட்டால் எல்லாம் சரி என்றும் சொல்லித் தொலைப்பான்.

"பக்கிள் உடையுது கெல்வின்" என்றாள். "குளிர்ல உடையுது. இது பச்சை இல்ல."

இத்தனை பேர் முன்னால், இவ்வளவு பட்டென்று, அந்தக் கம்பெனியில் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. மெர்வின் காது இரண்டும் சிவந்துவிட்டன. ரங்கி தன் பூட்ஸ் கயிற்றை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். கெல்வின் சாஸேஜ் ரோலைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

கூட்டம் கலைந்ததும் மெர்வ் அவள் மேசைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. திறந்து காட்டினார். உள்ளே அத்தனையும் உடைந்த பக்கிள்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் நோலீன்.

"நானே ஃப்ரீசர்ல வெச்சுப் பாத்தேன். போன வாரமே."

"அப்புறம் ஏன்யா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"நீ வருவேன்னு இருந்தேன் நோல். நீதான எப்பவும் வந்து கேப்பே." அவர் குரலில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம். "நேத்து வாசல் வரைக்கும் வந்தே. இப்பக் கேப்பா, சொல்லிருவோம்னு நாற்காலியெல்லாம் திருப்பி வெச்சேன். நீ மழையைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டே. சரி, அவளே ஒண்ணும் கேக்கல, அப்ப இது அவ்வளவு மோசம் இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நோலீனுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எதற்கும் தெம்பு இல்லாததால் சும்மா உட்கார்ந்திருந்தாள். தான்தான் இந்தக் கம்பெனியின் சோதனைக் கருவி என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. அவள் களைத்துப் போனால் உடைந்த பக்கிளும் பச்சையாகிவிடும்.

மதியத்துக்குள் கெல்வின் புதுக் கணக்குப் போட்டுவிட்டார். கண்காட்சியில் மாதிரியை மட்டும் காட்டுவது, விற்பனை ஜூலைக்குப் பிறகு. "உன்னை நம்பித்தான் இருக்கேன் நோலீன். நீ இல்லாம இவங்களைக் கட்டி மேய்க்க முடியாது. பெர்த்துக்கு ஜூலை கடைசில போயேன், என்ன? பரவாயில்லையா?"

"பரவாயில்ல" என்றாள் அவள். சொல்லிவிட்டு வெளியே வந்தபிறகுதான் தான் சொன்னது தன் காதில் விழுந்தது.

கார் நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்துகொண்டு மகளைக் கூப்பிட்டாள். கண்ணாடியில் மழை வழிந்தது. பெர்த்தில் அப்போதுதான் விடிந்திருக்கும்.

"டானெல், திரும்பவும் தள்ளிப்போச்சும்மா. என்னால..."

"எல்லாம் சரி மம். நீ கவலைப்படாத. முடியும்போது வா."

வழக்கமாக இந்த இடத்தில் நோலீன், "நீ தங்கம்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். யாராவது ஒருவர் அவளை எங்காவது எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அவள் வைக்கவில்லை. காலையில் மேசையைச் சுற்றி அத்தனை பேரும் அதே வார்த்தையைச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவள். ரங்கியிடமும் மெர்விடமும் எத்தனையோ பேரிடமும் நின்றது போல ஒன்றும் பேசாமல் இருந்தாள். தன் சொந்த மகளிடம் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை என்பது அந்த மௌனத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

மறுமுனையில் ஏதோ ஒரு கருவி விட்டுவிட்டுக் கூவியது. தள்ளுவண்டி ஒன்று உருண்டு போனது.

"எங்கம்மா இருக்கே?" என்றாள் நோலீன்.

"ஆஸ்பத்திரில." டானெலின் குரல் சுருங்கிப்போனது. "திங்கக்கிழமைலேர்ந்து. ரத்த அழுத்தம் ஏறிடுச்சு. குழந்தையை முன்னாடியே எடுக்க வேண்டி வரலாம்னு சொல்றாங்க. டேமியன் சனிக்கிழமைதான் வருவான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அந்தக் குரல்ல பேசினே மம்."

"எந்தக் குரல்?"

"வேலைலேர்ந்து வந்து பேசுவியே, அந்தக் குரல். சின்னப் பிள்ளைலேர்ந்து எனக்குத் தெரியும். அந்தக் குரல் கேட்டா உன்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது. உனக்கு ஏற்கெனவே ஊர்ப்பட்ட சுமை."

நோலீன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். ஊரிலுள்ளவர்கள் எல்லோரும் அவளிடம் வந்து கொட்டியிருக்கிறார்கள். பெற்ற பெண் மட்டும் அம்மா பாவம் என்று வாயைக் கட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். இனி இதற்கு யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே போனபோது கெல்வினின் அறை வாசலில் ரங்கி நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பக்கத்தில் வந்தான். "ஆன்ட்டி, புது பிளாஸ்டிக் கொஞ்சம் கனமா இருக்கும்னா என் பேட்டரி இடம்... நீ மெர்வ் கிட்ட..."

தாழ்வாரத்தின் மறுமுனையில் மெர்வ் ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்துகொண்டிருந்தார்.

"அதோ வர்றான் மெர்வ்" என்றாள் நோலீன். "ரெண்டு கால் இருக்கு, ரெண்டு காது இருக்கு. நீயே சொல்லு. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், செத்துடமாட்டே."

அப்புறம் கெல்வினிடம் போனாள். "நான் நாளைக்குப் போறேன். ஜூலை கடைசி இல்ல, நாளைக்கு. பரவாயில்லன்னு சொன்னேனே, அது பொய். எனக்குப் பரவாயில்லன்னு இல்ல."

"நோலீன், இந்த நேரத்துல நீ போனா..." கெல்வின் நிஜமாகவே கலங்கிப்போனார். "பலகையை யார் பாத்துப்பா?"

"உன் பலகை, நீ பாத்துக்கோ. காலைல அவங்க எல்லாம் சரின்னு சொன்னதும் உடனே தலையாட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போயிடாத. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு நில்லு. அவ்வளவுதான் வித்தை. இத்தனை வருஷம் நான் செஞ்சதும் அதேதான்."

வெளியே தாழ்வாரத்தில் ரங்கியும் மெர்வும் எதிரெதிரே நின்றிருந்தார்கள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசினார்களா என்று நின்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பெர்த் ஆஸ்பத்திரி வார்டில் மகளின் கட்டிலைத் தேடிக் கண்டுபிடித்தாள். டானெலின் முகம் வீங்கியிருந்தது, கையில் பட்டை கட்டி ஊசிக் குழாய் போட்டிருந்தார்கள். அம்மாவைக் கண்டதும் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, விருந்தாளியை வரவேற்பவள் போலப் புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஃப்ளைட் எப்படி மம் இருந்துச்சு?"

நோலீனின் வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். பையைத் தரையில் போட்டாள்.

"மோசம்" என்றாள். "முதுகு ஒடிஞ்சுபோச்சு. வழி பூரா அழுதுகிட்டு வந்தேன், பக்கத்து சீட்டுக்காரன் பயந்துபோய் தன் கடலைப் பொட்டலத்தை எனக்குக் கொடுத்துட்டான். எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு டானெல். இன்னிக்கு நேத்து இல்ல, வருஷக்கணக்கா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

டானெல் தன் அம்மாவை அப்படிப் பேசிக் கேட்டதே கிடையாது. மாட்டியிருந்த புன்னகை மெல்லக் கழன்று விழுந்தது.

"மம், எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. யார்கிட்டயும் சொல்லல. டேமியன் கிட்டகூட."

நோலீன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள். டானெல் பேசிக்கொண்டே போனாள். நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டுப் போன பிறகும் பேசினாள். நோலீன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இதைச் சூடு ஆற்றி வேறு யார் வாசலுக்கும் கொண்டுபோக வேண்டியதில்லை.